எல்லாப் படத்திலும் ஒரே பருந்து

அத்தியாயம் ஐந்து

"டீச்சர், இந்தக் கம்பி அறுந்தா என்ன ஆகும்?"

"கீழே போவோம்."

"அது தெரியுது. எவ்வளவு நேரத்துல?"

"உன் கேள்வி முடியறதுக்குள்ளே."

ஒட்டடைக்குச்சி கண்களை இறுக மூடிக்கொண்டான். ஓடும் பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலில் தொங்கியே பாதி வாழ்க்கையை ஓட்டிய கண்டக்டர் அவன். வேலையை விட்டு டீச்சருக்கு உதவியாளனாக வந்த பிறகும் உடம்பில் சதை போடவில்லை. பேச்சில் மட்டும் போட்டிருந்தது. ஆனால் மலையேறும் ரோப் காரில் அவனுடைய வீரமெல்லாம் கீழேயே இறங்கிக்கொண்டது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தது எப்போதோ. துப்பறிய வந்த பிறகும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

"கேஸை ஒருதரம் சொல்லு. பயம் போகும்."

"கண்ணை மூடிக்கிட்டே சொல்றேன். உச்சியில பழைய கோயில். கூரை எப்பவோ போயாச்சு, தூணும் சுவரும்தான் மிச்சம். அதுக்கும் அந்தப் பக்கம், பாறை நுனியில ஒரு கல் சாமி. அதோட தலையைக் காணோம். முந்தாநாள் சாயங்காலம் எடுத்த போட்டோவுல தலை இருக்கு. நேத்து காலையில பனி விலகினப்போ இல்லை. நடுவுல ராத்திரி மேலே இருந்த ஒரே ஆள் காவலாளி. பாறைக்குப் போற கேட்டுச் சாவியும் அவர்கிட்டதான். பூட்டு உடையலை. அதனால அவர்தான் திருடன். இன்ஸ்பெக்டர் சொல்றது நியாயமாத்தான் இருக்கு டீச்சர்."

"அவர் சம்சாரம் சொல்றது?"

"எறும்பு போனாக்கூட சுத்திக்கிட்டுப் போற மனுஷன்னு சொல்றாங்க. அதுவும் நியாயமாத்தான் இருக்கு."

"சாயங்காலம் என்ன?"

"வேன் வருது. நகரத்து ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அதுக்குள்ளே நாம ஏதாவது கொண்டுபோய்க் காட்டணும். காட்டலேன்னா அந்தம்மா முகத்துல முழிக்க முடியாது."

கீழே ரோப் கார் வாசலில் அந்தப் பெண் நின்றிருந்த விதம் டீச்சரின் மனசை விட்டுப் போகவில்லை. அழவில்லை. கையைக் கூப்பவும் இல்லை. "அவரை இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள், கடைக்காரரிடம் மீதியைக் கேட்கிற மாதிரி. "பனிக்காலம் முழுக்க மேலேயே கிடந்தார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போனவர்."

ரோப் கார் உச்சியில் இடித்து நின்றது.

பனி சுத்தமாக விலகியிருந்தது. உடைந்த தூண்களுக்கு நடுவே வெயில் நின்றது. பாதிச் சுவர்களில், முகம் தேய்ந்த சிற்பங்கள் எதற்காகவோ வரிசையில் காத்திருந்தன. அதற்கப்பால் மலை சட்டென்று முடிந்துவிட, ஆறும் வயல்களும் கீழே நீளமாகக் கிடந்தன. ஊர், மேஜையிலிருந்து தட்டிவிட்ட தீப்பெட்டிகள் போல இருந்தது. வந்தவர்கள் கம்பி வேலியில் சாய்ந்து "அதோ நம்ம வீடு" என்று ஆளுக்கொரு தீப்பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாறை நுனியில் கல் சாமி தலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் வாயில் இரும்பு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

"யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு."

"நாங்க தூரத்துலேர்ந்தே பார்க்கறோம்" என்றார் டீச்சர்.

ஒட்டடை கேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "டீச்சர், இதுக்கு ரெண்டு பக்கமும் சுவரே இல்லே. இடுப்பு உயரம். நான் காலைத் தூக்கிப் போட்டாலே அந்தப் பக்கம். இதைப் பூட்டறதும் ஒண்ணுதான், கும்பிடறதும் ஒண்ணுதான்."

"நல்லவங்களுக்கு வெச்ச கேட்."

"அப்போ சாவி யார்கிட்ட இருந்தா என்ன?"

"அதை இன்ஸ்பெக்டர் ஒத்துக்கணுமே. அந்தப் போட்டோ இருக்கிற வரைக்கும் ஒத்துக்க மாட்டார். போட்டோவை எடுத்தவர் எங்கே?"

தேட வேண்டியிருக்கவில்லை. தூண்களுக்கு எதிரே குடைக்கடியில் ஒரு மேஜை, ஒரு சின்ன பிரிண்டர், பின்னால் ஒரு பலகை: 'பனியானாலும் மழையானாலும் தெளிவான படம்.' கயிற்றில் கிளிப் மாட்டி மாதிரிப் படங்கள் தொங்கின. போட்டோக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தனியாவா, ஜோடியாவா?"

"அவங்க டீச்சர், நான் ஒட்டடை. இதை ஜோடின்னு சொன்னா உங்க கேமராவே சிரிக்கும்" என்றான் ஒட்டடை.

டீச்சர் கயிற்றோடு நடந்தார். ஸ்வெட்டர் போட்ட குடும்பம். புதுசாகக் கல்யாணமான ஜோடி. ஒரே மாதிரித் தொப்பி வைத்த ஆபீஸ் கூட்டம். எல்லோருக்கும் பின்னால் நீல வானம், தூண்கள், பாறை நுனியில் தலையோடு கல் சாமி. சாமிக்கு மேலே சிறகு விரித்த ஒரு பருந்து.

"நல்ல படங்கள்."

"தொழில் டீச்சர்."

"காவலாளி எப்படி?"

"தங்கமான ஆள். இந்தப் பனியில வழி தெரியாம நின்னவங்களையெல்லாம் அவர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவார். நாங்க தடவித் தடவி நடப்போம். அவர் பாட்டுக்குப் போவார். பனியில அவர் மாதிரி நடக்க ஆள் கிடையாது."

"இந்தப் பருந்து?"

"எது?"

"குடும்பத்துக்கு மேலே ஒண்ணு. ஜோடிக்கு மேலே ஒண்ணு. ஆபீஸ்காரங்களுக்கு மேலே ஒண்ணு. மூணும் இடது சிறகைக் கொஞ்சம் தூக்கியிருக்கு."

ஒட்டடை படங்களுக்குள் மூக்கை நுழைத்தான். "என்னண்ணே, மாசச் சம்பளத்துக்கு வெச்சிருக்கீங்களா? நேரத்துக்கு வந்து ஒரே இடத்துல நிக்குதே. எங்க டிப்போவுல ஒருத்தன்கூட இப்படி இல்லே."

போட்டோக்காரர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார்.

"இந்த ஜோடி முகத்துல நிழலே இல்லே" என்றார் டீச்சர், ஏதோ பரீட்சைத் தாள் திருத்துகிற குரலில். "பின்னாடி தூணுக்கு இருக்கு. வெயில் தூணுக்கு மட்டும் அடிச்சுதா?"

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. பனிக்காலத்துல மேலே வர்றாங்க. போன்ல எடுத்தா வெள்ளைத் துணி முன்னாடி நின்ன மாதிரி வரும். இவ்வளவு தூரம் ஏறி வந்தவங்களுக்கு ஒரு காட்சி வேண்டாமா? ஆட்களை மட்டும் இப்ப எடுப்பேன். பின்னாடி மலை, கோயில், சாமி எல்லாம் முன்னாடியே எடுத்து வெச்சது. சேர்த்துக் கொடுத்துடுவேன். யாரும் குறை சொன்னதில்லே."

"பின்னாடி இருக்கிறது எப்ப எடுத்தது?"

"பனி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. நல்ல வெயில். பருந்து தானாவே வந்து நின்னுச்சு."

"முந்தாநாள் எடுத்த படம்?"

"ஆட்கள் முந்தாநாள். சாமி... அப்போ."

"போலீஸ்ல ஏன் சொல்லலே?"

"அவங்க கேக்கலியே. எப்ப எடுத்ததுன்னாங்க, முந்தாநாள்னேன். அப்புறம் சொன்னா ஏமாத்துக்காரன்னு கடையைத் தூக்கிடுவாங்களோன்னு..."

"ஒரு மனுஷனை உள்ளே தூக்கிப் போட்டுட்டாங்களே" என்றான் ஒட்டடை. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

டீச்சர் அங்கேயே நின்று இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். ஒட்டடை காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

"பிரமாதம் டீச்சர். அப்போ தலை முந்தாநாள் ராத்திரிதான் போச்சுன்னு இல்லே. பனிக்காலத்துல எப்ப வேணா போயிருக்கலாம்."

"ஆமா. யார் வேணா எடுத்திருக்கலாம். பனியில வேலியைத் தாண்டினா யார் பார்க்கப் போறாங்க?"

"சரி. ஒண்ணு கேக்கறேன். காவலாளி தினமும் காலையில பாறை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு எங்களுக்குப் போன்ல சொல்லணும். ஒரு நாள் தவறாம 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொல்லியிருக்கார். நேத்து காலையிலகூட. தலையில்லாத சாமியைப் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு எவன் சொல்லுவான்? எடுத்தவன் சொல்லுவான், இல்லே எடுத்தவனுக்குக் கூட்டாளி சொல்லுவான். நான் ஒரு ராத்திரித் திருட்டுன்னு எழுதி வெச்சிருந்தேன். நீங்க பெரிசாக்கிக் கொடுத்துட்டீங்க. நன்றி டீச்சர்."

போன் வைக்கப்பட்டது.

"டீச்சர், நாம காவலாளி பக்கம்தானே ஆடறோம்?"

"ஆமா."

"சேம் சைடு கோல் போட்டுட்டோம்."

எதிரே அவ்வளவு பெரிய காட்சி விரிந்து கிடந்தது. டீச்சர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிவின் ஓரத்திலிருந்த காவலாளியின் குடிசையைப் பார்த்தார்.

குடிசைக் கதவிலிருந்து கேட் வரைக்கும் தரையில் அடித்த கட்டைகளில் ஒரு கயிறு ஓடியது. நடுநடுவே முடிச்சுகள். இன்னொரு கயிறு தூண்களைத் தொட்டுக்கொண்டு ரோப் கார் மேடைவரை போனது.

"பனிக்குக் கட்டியிருக்கார்" என்றான் ஒட்டடை. "புத்திசாலி. பிடிச்சுக்கிட்டே போயிடலாம்."

உள்ளே ஒரு ஆள் படுக்கவும் உட்காரவும் மட்டும் இடம். எல்லாம் அதனதன் இடத்தில், அளவெடுத்து வைத்த மாதிரி. ஒட்டடை ஸ்விட்சைத் தட்டினான். எரியவில்லை. அண்ணாந்து பார்த்தான்.

"பல்பே இல்லே டீச்சர். ஹோல்டர்ல என் சொந்தக்காரங்க குடியிருக்காங்க. ரொம்ப நாளா இருக்காங்க போலிருக்கு, நல்லாப் பெருகியிருக்காங்க."

டீச்சர் ஆணியில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்னால் நின்றார். அவர் முகம் அதில் தெரியவில்லை. விரலால் ஒரு கோடு இழுத்தார். தூசு உருண்டு வந்தது.

"நேத்து லாக்கப்புல அவரைப் பார்த்தோமே. கன்னம் எப்படி இருந்தது?"

"வழவழன்னு. எனக்கே பொறாமையா இருந்துச்சு."

"எதைப் பார்த்து ஷேவ் பண்ணினார்?"

ஒட்டடை கண்ணாடியைப் பார்த்தான். கீழே சோப்பும் ரேசரும் சுத்தமாக இருந்தன. பக்கத்தில் இரண்டு குடங்கள். ஒன்றின் கழுத்தில் மட்டும் நூல் சுற்றியிருந்தது. குடிக்கிற தண்ணீர் எது என்று கைக்குத் தெரிவதற்காக. அப்போதுதான் அவன் இன்னொன்றையும் கவனித்தான். வெளியிலிருந்து வந்த கயிறு கதவோடு நிற்கவில்லை. உள்ளே நுழைந்து, சுவரோரமாகப் போய், படுக்கையின் தலைமாட்டில் முடிந்தது.

"டீச்சர்... பனி குடிசைக்குள்ளே வராதே."

"வராது."

"அப்போ இது..."

"அவர் பொய் சொல்லலே. சாமிக்குத் தலை இருக்கா இல்லையான்னே அவருக்குத் தெரியாது." டீச்சர் விரலிலிருந்த தூசைத் துடைத்துக்கொண்டார். "பனியில எல்லாருக்கும்தான் கண்ணு தெரியலே. அதனால இவருக்குத் தெரியலேங்கறது யாருக்கும் தெரியலே."

இறங்கும்போது ஒட்டடை கம்பியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "இது நல்ல செய்திதானே டீச்சர்?" என்று மட்டும் பாதி வழியில் கேட்டான். "வெளியே வந்துடுவார்தானே?"

"அவரைக் கேக்காம எனக்கு எதுவும் தெரியாது."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காவலாளியின் மனைவி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள்.

"ஏதாவது கிடைச்சுதா டீச்சர்?"

"கிடைச்சிருக்கு. முதல்ல அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க கொஞ்சம் இங்கேயே..."

"இவ்வளவு நேரம் விடலே. இப்பத்தான் போகலாம்னாங்க. நானும் வர்றேன்."

தடுக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே நடந்துவிட்டாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் லாக்கப்பின் கம்பிகளுக்கு முன்னால் போய் நின்றார்கள். எதிர்ச் சுவரின் ஜன்னலிலிருந்து வெளிச்சம் நேராக அவர்கள்மேல் விழுந்தது. காவலாளி சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"டீச்சரா? வாங்க. ரெண்டு பேரும் மேலே போயிட்டு வந்துட்டீங்களா? கண்டக்டர் சார் செருப்புல வார் அறுந்து இழுக்குதே, பார்த்து நடங்க."

அவருடைய மனைவி ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சத்தமில்லாத வெறும் காலோடு, இருவருக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

அவள் பேச வாய் எடுத்தாள். எடுத்த வாய் அப்படியே நின்றது. டீச்சர் அவளைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்: வேண்டாம், நான் இங்கே நிக்கறதைச் சொல்லாதீங்க.

"ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?" என்றார் காவலாளி.

"சாமி தலை போனது உங்களுக்கு எப்ப தெரியும்?" டீச்சருக்குத் தன் குரலே பிடிக்கவில்லை.

"நேத்து. போலீஸ் சொல்லித்தான்."

"தினமும் காலையில போய்ப் பார்த்தீங்களே?"

"கேட் வரைக்கும் போவேன். பூட்டை ஆட்டிப் பார்ப்பேன். பூட்டு பூட்டினபடி இருந்தா உள்ளே எல்லாம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அண்ணே" என்றான் ஒட்டடை. "கயிறு எதுக்குக் கட்டில் வரைக்கும் வந்திருக்கு?"

காவலாளி கம்பியைப் பிடித்தார்.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டோம்."

"போன மழைக்காலத்துலேயே மங்கிடுச்சு டீச்சர். டாக்டர் நரம்பு காய்ஞ்சு போச்சு, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னுட்டார். இந்தப் பனி இறங்கினதும் எனக்கு நிம்மதி. எல்லாரும் என்னை மாதிரிதானே? நான்தான் வழி காட்டினேன். ஒரு பனிக்காலம் ஓட்டிட்டேன். நீங்க இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொன்னா திருட்டுப் பழி போயிடும். நீங்க ஏன் தலை போனதைச் சொல்லலேங்கறதுக்கு இதுதான் பதில்."

"பழி போயிடும். வேலையும் போயிடுமே? நாங்க இருக்கிறது வேலைக்குக் கொடுத்த வீடு. திருட்டுக் கேஸ்னா சஸ்பெண்டுதான். கேஸ் முடியற வரைக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க, கேட்டுக்கிட்டேன். கண்ணு இல்லேன்னா நாளைக்கே சாமானைத் தூக்கி வெளியே வெச்சுடுவாங்க. அவ கல்யாணம் ஆனதுலேர்ந்து மூட்டை கட்டி மூட்டை கட்டியே அலைஞ்சவ. இந்த வீட்டுலதான் சுவத்துல ஆணி அடிச்சா."

"உங்க வீட்டுல அவங்களுக்குத் தெரியாதா?" இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம் என்று டீச்சருக்கு வாழ்நாள் முழுக்கத் தோன்றப் போகிறது.

காவலாளி சிரித்தார். "எப்படித் தெரியும்? வாரத்துக்கு ஒரு நாள். போய் நாற்காலியில உட்கார்ந்துடுவேன். இந்தப் புடவை எப்படி இருக்குன்னு கேப்பா. நல்லா இருக்கும்பேன். கண்ணு இருந்தப்போவும் அதையேதான் சொன்னேன், அதனால சந்தேகம் வரலே. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டீச்சர். தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டா. போய்ச் சொல்லிடுவா."

வெளியே வேனின் ஹாரன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தோடு வந்தார். கூட ஒரு கான்ஸ்டபிள். "டீச்சர், ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடுங்க. வண்டி வந்தாச்சு."

டீச்சர் காவலாளியைப் பார்த்தார். அவர் கம்பிக்குள் தலையை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், பொதுவாக எல்லோரையும் கெஞ்சுகிற மாதிரி. எத்தனையோ கேஸில் கடைசி நிமிஷத்தில் டீச்சர் வாயைத் திறந்திருக்கிறார். இந்தத் தடவை வாய் திறக்கவில்லை.

"சார், இவருக்குக் கண்ணு தெரியாது" என்றாள் அவர் மனைவி.

காவலாளி கம்பியை விட்டார்.

"நீ எப்ப வந்தே?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா?"

"ஆமா. இப்பத்தான்."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனார். காவலாளியின் கண்கள் அசையவில்லை. அவை மனைவியின் குரல் வந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றன. இன்ஸ்பெக்டர் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் கயிற்றையும் கண்ணாடியையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார்.

"நான் நம்பறேன் டீச்சர். நான் நம்பி என்ன ஆகப் போகுது? இனிமே டாக்டர் பார்க்கணும், ஜட்ஜ் நம்பணும். அனுப்பச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு வந்தாச்சு, நான் அனுப்பித்தான் ஆகணும். இப்ப கேட்டதை அவர் ஆபீஸுக்கும் சொல்லணும், மறைக்க முடியாது."

"எல்லாம் போச்சு" என்றார் காவலாளி. கோபமாகச் சொல்லவில்லை. "வீடும் போச்சு. எதுக்குச் சொன்னே?"

"போகட்டும்."

"எதுக்குச் சொன்னேன்னு கேக்கறேன்."

"திருடன்னு சொல்லி உள்ளே யாராவது கையை ஓங்கினா, அது எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னுகூட உங்களுக்குத் தெரியாதே."

கான்ஸ்டபிள் பூட்டைத் திறந்து காவலாளியின் முழங்கையைப் பிடித்தார். அவள் கூடவே நடந்தாள். சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். வேனில் அனுமதி இல்லை என்றார்கள். தானும் ஏறலாமா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றார்கள். ஒட்டடை அவள் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டான். வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

வாசலில் அவள் கான்ஸ்டபிளின் பக்கம் போய், கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"படி வந்தா மட்டும் சொல்லுங்க சார். அவரா கேக்க மாட்டார்."